மேல்வீட்டில் ஜெபம், கீழ்வாசலில் வாடிக்கையாளர்



மும்பைக்கு வருகிற நம் ஜனங்களில் பலர் கேட்வே ஆஃப் இந்தியாவையும் மெரீன் டிரைவையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். இம்மாதம் உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மாஹிம் ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்குப் பக்கமாக வெளியே வாருங்கள். சில நிமிட நடையில் தாராவி வந்துவிடும். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நிலப்பரப்பு. அதற்குள் பல இலட்சம் ஜீவன்கள். பக்கத்துச் சந்தில் தமிழும், அடுத்த சந்தில் மராத்தியும், அதற்கடுத்த சந்தில் குஜராத்தியும் இந்தியும் உங்கள் காதில் விழும்.

முற்காலத்தில் இது மாஹிம் கழியோரத்துச் சதுப்பு நிலம். கோலி மீனவரின் குடியிருப்பு இங்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் நகரின் ஓரமாகிய இவ்விடத்தில் வேரூன்றியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் வேலை தேடி வந்து சேர்ந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் கும்பார்வாடாவில் சூளை மூட்டினர். உத்தரப் பிரதேசத்தார் தையலும் சித்திர வேலையும் கொண்டுவந்தனர். தோல் பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் இங்கிருந்து அகன்றுவிட்டன. ஆனால் பதனிட்ட தோலை வெட்டி, ஒட்டி, தைத்து, பையாகவும் பெல்ட்டாகவும் பர்ஸாகவும் ஆக்கும் பட்டறைகள் இன்றும் உண்டு. அவற்றின் சரக்கை, சந்த் ரோஹிதாஸ் மார்க் என்னும் தாராவி மெயின் ரோட்டின் கடைகளில் நீங்கள் காணலாம்.

இவ்வளவு நெருக்கமான ஓர் இடத்துக்கு உங்களை ஏன் அழைத்து வந்தேன்? ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே. நமக்கு வேலை கொடுக்கிறவர்களுக்காக, நம்மிடம் பொருள் வாங்குகிறவர்களுக்காக, நாம் ஜெபிக்கிறோமா?

உபவாசக் கூட்டங்களில் வியாபாரத்துக்காக ஜெபிக்கிறோம். "ஆண்டவரே, வாடிக்கையாளர்களை அனுப்பும், கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும்" என்று கண்ணீரோடு கேட்கிறோம். அது தவறல்ல. ஆயினும் அந்த ஜெபத்தைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். அதில் வாடிக்கையாளர் நமக்கு வந்து சேரவேண்டிய ஆசீர்வாதமாக இருக்கிறாரே தவிர, ஆசீர்வாதம் பெறவேண்டிய மனிதராக இல்லை.

யோப்பாவும் தாராவியும்

தோல் வேலையின் வாசனை மூக்கில் ஏறும்போது எனக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 9, 10 ஆகிய அதிகாரங்கள் நினைவுக்கு வருகின்றன. யோப்பா பட்டணத்திலே, கடலோரத்தில், சீமோன் என்னும் தோல் பதனிடுகிறவன் ஒருவன் இருந்தான். செத்த மிருகத்தின் தோலைத் தொடுகிற தொழில் என்பதால் அக்காலத்து யூதர் அதை இழிவாக எண்ணினர். அந்த வீட்டில்தான் பேதுரு அநேக நாள் தங்கினார். மத்தியான வேளையில் ஜெபிக்கும்படி அவ்வீட்டின்மேல் ஏறினார். அங்கே தரிசனம் கண்டு அவர் யோசனையாய் இருந்தபோது, கீழ்வாசலில் செசரியாவிலிருந்து வந்த மனுஷர் நின்று அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். ரோம நூற்றுக்கதிபதியாகிய கொர்நேலியு அவர்களை அனுப்பியிருந்தான்.

மேலே ஜெபம், கீழே வாசலில் அந்நியர். அந்த மேல்வீட்டு ஜெபத்தின் பதில், தீட்டு என்று ஒதுக்கியவனைத் தேவன் ஒதுக்கவில்லை என்பதே. கதவைத் தட்டினவர்கள் பேதுருவின் ஜெபத்துக்கு இடையூறாக வந்தவர்கள் அல்லர். அவர்களுக்காகவே தேவன் அவரை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். தொழில் செய்யும் நமக்கும் தினந்தோறும் கதவு தட்டப்படுகிறது. தட்டுகிறவர் குஜராத்தியாக இருக்கலாம், மராத்தியராக இருக்கலாம். வேறு மதத்தவராகவும் இருக்கலாம். அவருக்காக நாம் மேல்வீட்டில் இருந்தோமா என்பதே கேள்வி.

ஆர்டர் நோட்டு

தாராவியின் பட்டறைகளில் பல, இரும்பு ஏணியில் ஏறிச் செல்லும் பரண் போன்ற மாடிகளில் இருக்கின்றன. அத்தகைய ஒரு மாடியில் நம் சபையைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய தாத்தா தோல் தொட்டியில் கூலிவேலை செய்தவர். இவரிடம் இப்போது நான்கு தையல் இயந்திரங்கள் உண்டு. காலையில் ஷட்டரைத் திறந்ததும், இயந்திரம் ஓடத் தொடங்குமுன், ஆர்டர் நோட்டை மேசையின்மேல் விரித்து வைக்கிறார்.

"எசேக்கியா ராஜா நிருபத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தார் அல்லவா, பிரதர்? என்னிடம் இருக்கிற நிருபம் இந்த நோட்டுதான்" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். பை எத்தனை, நிறம் என்ன, முன்பணம் எவ்வளவு என்பவற்றுக்குப் பக்கத்தில், ஓரமாக, பென்சிலில் சிறு குறிப்புகள் இருந்தன. ஒருவருக்கு மகளின் திருமணம். ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஒருவருக்குக் கடை வாடகையில் தகராறு. தேநீர் குடிக்கும்போது அவர்கள் சொன்னவற்றை இவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வாசகர்களே, பிறருக்காக ஜெபிக்கிறவனுக்கு நாவைவிடக் காது முந்தித் திறந்திருக்க வேண்டும். விலையை மட்டும் பேசி அனுப்பிவிட்டால், அவருக்காகத் தேவனிடம் சொல்ல நம்மிடம் என்ன இருக்கும்?

ஒரு பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு இருந்தது. அந்தக் கடைக்காரர் எண்பதாயிரம் ரூபாய்க்குமேல் தரவேண்டியவராம். ஓராண்டாகத் தொலைபேசியையும் எடுக்கவில்லை. "அவருக்காகவுமா?" என்று கேட்டேன்.

"முதலில் பணம் வரவேண்டும் என்றுதான் ஜெபித்தேன். பிறகு அவருக்காக ஜெபித்தேன். அதற்குப் பின் போனில் சத்தம் போட மனம் வரவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். எனக்கு அதுவரை தெரியாது."

பணம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். பாதி, தவணையாக வந்தது. மீதி இன்னும் வரவில்லை. புதிய சரக்கைக் கடனுக்குக் கொடுப்பதை இவர் நிறுத்திவிட்டார், விசாரிப்பதை நிறுத்தவில்லை. "கடனையும் கேட்கிறேன், அவருக்காகவும் கேட்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை" என்றார். சாட்சிப் புத்தகங்களில் வருவதுபோல அற்புதமாக முடிந்த காரியம் அல்ல இது. ஆனால் பகையாக மாறியிருக்க வேண்டிய ஓர் உறவை ஜெபம் காத்துக்கொண்டிருக்கிறது.

தோலும் ரெக்சினும்

அதே பட்டறையில் நான் கற்ற இன்னொரு பாடம் உண்டு. ஒரு வியாபாரி அசல் தோலில் முந்நூறு பர்ஸ் கேட்டிருக்கிறார். விலை பேசி முடித்தபின் தோலின் விலை ஏறிவிட்டது. உட்புற மடிப்புகளில் ரெக்சினை வைத்துத் தைத்தால் யாருக்கும் தெரியாது என்று பக்கத்துப் பட்டறைக்காரர் யோசனை சொன்னாராம். "காலையில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்த வாயால், மாலையில் இது முழுவதும் தோல் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார் நம் சகோதரர். விலையேற்றத்தை அந்த வியாபாரியிடம் வெளிப்படையாகச் சொன்னார். வியாபாரி வேறிடம் போய்விட்டார். ஆர்டர் கைவிட்டுப் போனது.

பிரியமானவர்களே, இங்கேதான் காரியத்தின் வேர் இருக்கிறது. கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்பதை நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். ஆனாலும் கை தடுமாறுகிறது. எவனுக்காக மன்றாடுகிறோமோ அவனை ஏமாற்றுவது மிகக் கடினம். நாம் ஜெபத்தை விடவேண்டும், அல்லது ஏமாற்றை விடவேண்டும். வாடிக்கையாளருக்காக ஏறெடுக்கும் ஜெபம் அவரைத் தொடுமுன் நம் தராசைத் தொடுகிறது.

இட்லிப் பாத்திரம்

இன்னும் சில சந்துகள் நடந்தால் இட்லி வேகும் ஆவி முகத்தில் அடிக்கும். விடியுமுன் தாராவியில் வேகும் இட்லி, அலுமினியப் பாத்திரங்களில் சைக்கிள் ஏறி, நகரின் பல மூலைகளுக்குப் போகிறது. மும்பைவாசிகள் அதைக் கொண்டுவருகிறவரை "அண்ணா" என்றே அழைப்பார்கள். மகனைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு அடுப்பருகே நின்ற ஒரு தாயாரிடம், "வாங்குகிறவர்களின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாதே, எப்படி ஜெபிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"பெயர் ஆண்டவருக்குத் தெரியும். இதைச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று மாவில் கை வைக்கும்போதே சொல்லிவிடுவேன். நேற்றைய சட்னியை வைத்துக்கொண்டு அந்த ஜெபத்தைப் பண்ண முடியாது, பிரதர்."

நான் கேட்ட பிரசங்கங்களில் சிலவே இவ்வளவு தெளிவாக இருந்தன. வெளிநாட்டில் அடிமையாயிருந்த சிறு பெண், தன் எஜமானாகிய நாகமானின் சுகத்தை விரும்பினாள். யாக்கோபினிமித்தம் லாபானுக்கும், யோசேப்பினிமித்தம் போத்திபாரின் வீட்டுக்கும் ஆசீர்வாதம் வந்தது. இவர்கள் யாரும் சொந்த ஊரில் இருந்தவர்கள் அல்லர். பிறருடைய நிலத்தில், பிறருக்காக உழைத்தவர்கள். பட்டணத்தில் பிழைக்க வந்த நமக்கு இவர்களே முன்னோடிகள்.

மூன்று எச்சரிப்புகள்

முதலாவது, ஜெபத்தைத் தூண்டிலாக்காதிருங்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லி ஆர்டர் வாங்குவதும், நம்மை நம்பியிருக்கிறவரை ஜெபத்துக்கு இணங்கும்படி நெருக்குவதும் கர்த்தருக்கு மகிமையல்ல. அவரே கேட்டால் சுருக்கமாக ஜெபியுங்கள். கேளாவிட்டால் அறைவீட்டில், கதவைப் பூட்டி ஜெபியுங்கள்.

இரண்டாவது, வாடிக்கையாளரின் இரகசியத்தைச் சபையில் விண்ணப்பமாக வாசிக்காதிருங்கள். மருத்துவமனையில் நர்ஸாகவும், கணக்கு எழுதுகிறவராகவும், வீடுகளில் வேலை செய்கிறவராகவும் இருக்கிற நம்மவர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். "இந்த வீட்டம்மாவின் மகனுக்காக ஜெபியுங்கள்" என்று விவரம் சொன்னால், அது ஜெபக்குறிப்பு என்னும் உடை தரித்த புறங்கூறலாகிவிடும். தேவனுக்கு விலாசம் தெரியும்.

மூன்றாவது, ஜெபத்தை வேலைக்குப் பதிலாக வைக்காதிருங்கள். திருமணத்துக்கு முந்தின நாள் ரவிக்கைக்காகக் காத்திருக்கிற பெண்ணுக்கு, தையற்காரரின் உபவாசத்தைவிட அவர் சொன்ன நாளில் கொடுப்பதே முதல் ஆசீர்வாதம். அதுபோல, லாபத்துக்கு எதிரான ஜெபத்துக்கும் அஞ்சாதிருங்கள். வண்டி பழுதுபார்க்கும் சகோதரர், தாம் அனுப்பிய வண்டி அதே பழுதோடு திரும்பி வராதிருக்க ஜெபிக்கட்டும். மருந்துக்கடை நடத்துகிறவர், மருந்து இனித் தேவைப்படாத நாள் நோயாளிக்கு வரும்படி ஜெபிக்கட்டும்.

பட்டணத்தின் சமாதானம்

தாராவியில் இன்று ஒரு கலக்கம் இருக்கிறது. மறுகட்டமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவாகி, 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. பட்டறைகள் எங்கே போகும், பழகிய வாடிக்கையாளர் அங்கே வருவாரா என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் கேட்கிறது. இப்படிப்பட்ட வேளையில் மனிதன் தன் பிழைப்புக்காக மாத்திரம் மன்றாடுவது இயல்பே.

ஆனால் கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை நினைத்துப் பாருங்கள். தங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காகவே ஜெபிக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதன் சமாதானத்தில்தான் அவர்களுடைய சமாதானமும் அடங்கியிருந்தது. மும்பையானாலும், டில்லியானாலும், பெங்களூரானாலும், நாம் வாழும் பட்டணம் நமக்கு வெறும் கட்டடங்களாக வந்து நிற்பதில்லை. பில் கேட்கிற, விலை குறைக்கச் சொல்லுகிற, சில சமயம் கோபித்துக்கொள்ளுகிற ஒரு மனித முகமாகவே அது நம் கவுண்டருக்கு முன்னே வந்து நிற்கிறது. பட்டணத்துக்காக ஜெபிப்பது என்றால் அந்த முகத்துக்காக ஜெபிப்பதே.

ஆகையால் இம்மாதம் ஒன்று செய்யுங்கள். உங்கள் கணக்கு நோட்டிலிருந்து ஐந்து பெயர்களை எடுத்து எழுதுங்கள். அவற்றில் ஒன்று உங்களுக்குக் கடன்பட்டவருடையதாகவும், இன்னொன்று உங்களை மனம் நோகச் செய்தவருடையதாகவும் இருக்கட்டும். தினமும் கடை திறக்குமுன் அவர்களுடைய நன்மைக்காக மாத்திரம் ஜெபியுங்கள். உங்கள் விற்பனையை அந்த ஐந்து நிமிடத்தில் சேர்க்காதிருங்கள். அதன்பின் அவர்களுக்கான வேலையைக் கையில் எடுங்கள்.

நம்மோடு சேர்ந்து ஜெபியுங்கள்: "பரலோகப் பிதாவே, எங்கள் கைவேலையை நம்பி வருகிற ஒவ்வொருவருக்காகவும் உம்மை நோக்கிப் பார்க்கிறோம். அவர்கள் வீட்டில் சுகத்தையும், அவர்கள் தொழிலில் நேர்மையான பலனையும் கட்டளையிடும். அவர்களுக்குக் கொடுக்கும் பொருளில் எங்கள் கை வஞ்சகம் செய்யாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."