கட்டம் போட்டவருக்கு ஒரு பக்கம்

ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைக் கலைக்களஞ்சியத்தில் சேர்க்க மறுத்தால் வழக்குப் போடலாமா? குருநகரிலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் கோவைக் கட்டை என் மேசையில் வைத்தார். அவருடைய தகப்பனார் பகலில் வலைக் கணக்கு எழுதியவர், இரவில் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்தவர். கட்டத்துக்குக் கீழே அவர் பெயர் வந்ததே இல்லை.

"அப்பாவைச் சேர்க்கேலாதாம் ஐயா. ஆதாரம் காணாதாம். நீங்கள் ஒரு கடிதம் அனுப்பினால் பயப்பிடுவினம்."

"பயப்பிடமாட்டினம், தம்பி" என்றேன்.

சட்டம் இதில் நீளமாக ஒன்றும் சொல்லாது. றிட் மனு அரச அதிகாரம் உள்ள அமைப்புகளுக்கு எதிராகத்தான் செல்லும். தனியார் தொகுக்கும் நூலின் ஆசிரியர் குழு அப்படிப்பட்டதல்ல. மானநட்டமும் இல்லை, ஏனென்றால் ஒருவரைப் பற்றி எழுதாமல் விடுவது அவரை இழிவுபடுத்துவதாகாது. வழக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் கோவையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நானே அந்தக் குழுவில் இருந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பேன் என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன்.

சதுரக்கோட்டுக் கொப்பிகளில் கையால் வரைந்த கட்டங்கள்தான் முதலில் இருந்தன. தமிழில் இந்த வேலை லேசானதல்ல. இடமிருந்து வலம் 'மீ' விழுந்த கட்டத்தில் மேலிருந்து கீழும் அதே 'மீ' விழவேண்டும். 'மி' என்றால் எல்லாம் பிழைத்துவிடும். அவர் கடற்கரைச் சொற்களைத் தாராளமாகப் போட்டிருந்தார். 'தெற்கிலிருந்து வரும், பாய்க்கு நல்லது, நான்கு எழுத்து' என்ற குறிப்புக்கு விடை சோளகம். குருநகரில் பிறந்தவனுக்கு ஒரு நொடி, கொழும்பில் இருப்பவருக்கு ஒரு கிழமை! கொப்பி அவருடைய திறமைக்குச் சாட்சி, மறுக்கமுடியாது. ஆனால் ஊர் அவரை அறிந்திருந்தது என்பதற்கு அது சாட்சி அல்ல.

அடுத்தது மரண அறிவித்தல். அது குடும்பம் காசு கட்டிப் போட்டது. கோயில் மலரில் ஒரு பக்கம் இருந்தது, எழுதியவர் மருமகன். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, ஒன்றை உண்டென்று சொல்பவரே அதை எண்பிக்கவேண்டும். சொந்தக்காரர் மூவர் சொன்னாலும் அது ஒரே வீட்டின் குரல்தான்.

பத்திரிகை நறுக்குகள் எங்கே என்று கேட்டேன். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு போயின என்றார். அதற்கும் முன்னர், 1981இல் யாழ் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. ஆதாரம் கேட்பவர்கள் இதையும் நினைவில் வைத்திருந்தால், ஒற்றை வரியில் மறுப்பு அனுப்பியிருக்கமாட்டார்கள். ஆனாலும் எரிந்த தாளில் என்ன இருந்ததென்று ஊகித்து எழுதினால் அது கலைக்களஞ்சியம் ஆகாது.

கட்டம் போடுபவர்கள் எங்கும் மறைந்தே இருப்பவர்கள். இங்கிலாந்தில் லெனார்ட் டோ என்ற பள்ளித் தலைமையாசிரியரைப் பலரும் அறிவார்கள். 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னர், 'யூட்டா', 'ஒமாகா', 'ஓவர்லோர்ட்' என்ற இரகசியச் சொற்கள் டெய்லி டெலிகிராப்பில் அவர் போட்ட கட்டங்களில் வர, உளவுத்துறை வந்து விசாரித்தது. சந்தேகம்தான் அவரைச் சரித்திரத்தில் ஏற்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1957இல் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பற்றித் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர் மனப்பாடம் செய்யும் சமர்பாக்வாலா என்ற பெயர் போட்டி நடத்தியவருடையது. கட்டம் போட்டவர் யாரென்று நான் எங்கும் படித்ததில்லை.

ஆகவே என் தீர்ப்பு: மறுத்தது சரி, மறுத்த விதம் சரியில்லை.

மகனிடம் வேறொன்று சொன்னேன். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து எழுபது ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. தகப்பனார் பத்திரிகையின் சம்பளக்காரர் அல்லர். உரிமை இப்போது பிள்ளைகளிடம். கொப்பிகளை அவர் பெயரோடு அச்சிடுங்கள், 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதைப் படித்து, இரத்த உறவில்லாத ஒருவர் நாளைக்கு ஒரு கட்டுரை எழுதினால், அதுதான் குழு கேட்ட சாட்சி.

உங்கள் வீட்டுப் பரணில், யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ, எழுபதுகளின் பழைய பத்திரிகை கிடந்தால் குறுக்கெழுத்துப் பக்கத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். சோளகம் விடையாக வந்தால் எனக்கு எழுதுங்கள்.