கட்டத்துக்குள் ஒரு ஜின்

ஒரு படைப்பைப் பற்றி நாம் முதலில் எதைக் கேட்கிறோம் என்பதிலேயே நமது மனம் தெரிந்துவிடுகிறது. அண்மையில் இதை எனக்கு உணர்த்தியது ஒரு விளையாட்டுப் புத்தகம்.

'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கெரி கைகெக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் பாத்திரங்களாகப் பேசுவர். தாயக்கட்டைகள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். கதையில் எதிர்ப்படும் விசித்திரப் பிராணிகளுக்கென்றே தனி நூல் உண்டு. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விபரக் கட்டம்.

மருமகனிடமிருந்த 2014ஆம் ஆண்டுப் பதிப்பைப் புரட்டினேன். அரபியிலிருந்து போன ஜின், இஃப்ரீத், கூல் எல்லோரும் அதில் இருந்தார்கள். பெயருக்குக் கீழே பருமன், இனம், ஒழுக்கச் சார்பு. அடுத்துக் கவச எண், உயிர்ப்புள்ளி, வேகம். பின்னர் வலிமை முதல் வசீகரம் வரை ஆறு ஆற்றல்கள். அதன்பின் புலன்கள், மொழிகள், சவாலின் தரம். கடைசியில் அதன் தனிக்குணங்களும் தாக்கும் முறைகளும். ஜின்னுக்கு உயிர்ப்புள்ளி 161, இஃப்ரீத்துக்கு 200, கூலுக்கு வெறும் 22.

"நாலு பேர் பாத்துக்கொண்டிருப்பாங்க மாமா, பக்கம் பக்கமாத் தேட நேரமில்ல" என்றான். நியாயந்தான். கண் போகும் வரிசையிலேயே விடை கிடைக்க வேண்டும்.

ஆனால் இவ்வரிசை மாறாததல்ல. 1977இல் வந்த முதற் பூத நூலில், எவ்வளவு அரிதாகக் காணப்படும், எத்தனை பேராக வரும் என்பன முதல் வரிகள். இருப்பிடத்தில் அகப்படும் வீதமும் புதையலின் வகையும் தொடர்ந்து வந்தன. ஒழுக்கச் சார்பு கடைசிப் பகுதியில்தான் இருந்தது. 2014இல் அது பெயருக்கு அடுத்த வரிக்கு ஏறிவிட்டது.

எமது மரபிலும் இப்படியொரு நூல் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய அறிஞர் அத்தமீரீ எழுதிய 'ஹயாதுல் ஹயவான்' உயிரினங்களை அகரவரிசையில் அடுக்குகிறது. பெயரின் மொழி வரலாறு, தொடர்புடைய ஹதீஸ்கள், உண்பது ஹலாலா ஹராமா என்ற தீர்ப்பு, பழமொழிகள், மருத்துவக் குணம், கனவில் கண்டால் பலன் என அவர் தலைப்புகள் செல்கின்றன. எத்தனை அடியில் அது சாகும் என்று அவர் கேட்கவில்லை. அதனோடு எப்படி வாழ்வது என்பதே அவரது கேள்வி.

என்னை உறுத்தியது அந்த ஒழுக்கச் சார்பு வரிதான். ஜின்னுக்கு நன்மை, இஃப்ரீத்துக்குத் தீமை என்று அச்சாகியிருக்கிறது. விரும்பினால் மாற்றலாம் என நூலின் முன்னுரை சொல்வது உண்மை. ஆனால் அவசரத்தில் முன்னுரையைப் படிப்பவர் யார்? அல்குர்ஆனில் ஜின்கள் தம்மைப் பற்றியே, எம்மில் நல்லோரும் உளர், அல்லாதோரும் உளர் என்ற கருத்தில் பேசுகின்றன. ஸுலைமான் (அலை) அவர்களுக்குச் சிம்மாசனத்தைக் கொண்டுவர முன்வந்தவனும் ஓர் இஃப்ரீத்தே. பொறுப்பும் தெரிவும் உள்ள படைப்புக்கு முன்கூட்டியே குணம் எழுதிவைக்க முடியாது.

இது வெறும் விளையாட்டு விவகாரமல்ல. 2020இல் அந்நூலின் வெளியீட்டாளரே, ஓர்க் முதலிய சில இனங்களை அரக்கராகவும் தீயோராகவும் வர்ணித்த விதம், நிஜ உலகில் மனிதக் குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுவதாக ஒப்புக்கொண்டனர். 2025இல் வந்த புதிய பூத நூலில் ஓர்க்குகளுக்குத் தனிக் கட்டமே இல்லை. பெயரைக் கேட்டதுமே குணத்தையும் தீர்மானித்துவிடும் பார்வையைச் சந்தித்த சமூகத்தவர் நாம். அந்த மாற்றத்தின் பெறுமதி எமக்கு விளங்கும்.

கவச எண்ணும் உயிர்ப்புள்ளியும் இருக்கட்டும், அவையின்றி ஆட்டம் நகராது. மருமகனிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: நீ கதை நடத்தும் நாளில், அந்த இரண்டாம் வரியின் கடைசிச் சொல்லை வெறுமையாக விட்டுவை, ஜின் முதலில் பேசட்டும்.