வில்லும் பாரமும்

வில்வண்டி என்கிறோமே, அதில் வில் எங்கே இருக்கிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். அச்சுக்கும் மேற்கூட்டுக்கும் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில்லைப் போல வளைத்துக் கட்டியிருக்கும் எஃகுப் பட்டைகள்தான் அந்த வில். மாடு போய் மோட்டார் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பட்டை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் லாரியிலும் டெம்போ டிராவலரிலும் பின் அச்சின் மேல் உட்கார்ந்துகொண்டு அதே வேலையைத்தான் பார்க்கிறது. கழித்துப் போட்ட லாரிப் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிக்கிறார்கள் என்றால், அந்த எஃகின் யோக்கியதையைச் சொல்லவேண்டியதில்லை.

அதற்கும் தள்ளாமை வரும் என்பதைப் புதுச்சேரியில் என் நண்பர் ஒருவருடைய வண்டியில் பார்த்தேன்.

நண்பரின் தாயாருக்கு 79 வயது. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பேச்சில் ‘சொல்தா’. அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. பென்ஷன் மட்டும் பிரான்ஸிலிருந்து தவறாமல் வருகிறது. அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. பஸ்ஸில் ஏற முடியாது. காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு பேர் சேர்ந்து இறக்கவேண்டும். காரைக்காலில் வாழ்க்கைப்பட்ட அக்காள் ஒருத்தி இருக்கிறார், வயது 84. அவரால் இங்கே வர இயலாது. இவரால் அங்கே போக இயலாது. நடுவே 130 கிலோமீட்டர் சொச்சம். “ரெண்டு பேரிலே ஒருத்தி கண்ணை மூடறதுக்குள்ளே ஒரு தரம் பார்த்துடணும்” என்பது அம்மாளின் தினசரி ஜபம்.

அதற்காகவே நண்பர் பழைய டிராவலர் ஒன்றை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சிறிய அடுப்பங்கரை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, முறைப்படி கேரவனாகப் பதிவும் செய்தார். பார்க்க வீடு போலவே இருந்தது. நாலே மாதத்தில் அந்த வீட்டின் பின்கட்டு தாழ்ந்துவிட்டது! முகப்பு விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டை விட்டுத் தென்னை மரத்து மட்டையில் போய் விழுந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் ‘டம்’ என்று ஒரு சத்தம். அம்மாளின் கட்டில் அந்தச் சத்தத்துக்கு நேர் மேலே இருந்தது.

நம் ஊரில் வண்டிக்கு வைத்தியம் சொல்லாதவர் உண்டா? ஒருவர், இன்னும் இரண்டு பட்டை சேர்த்துவிடச் சொன்னார். பட்டறைப் பையன் ஒருவன், “முன்னாலேயும் ரெண்டு அங்குலம் இறக்கிட்டா லெவல் ஆயிடும் சார், பார்க்கவும் ஜோரா இருக்கும்” என்றான். நண்பருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. வண்டியின் தளம் உயரம், அம்மாளால் ஏற முடியாது என்ற கவலை முன்பே இருந்தது. தாழ்ந்தது தாழ்ந்தபடியே இருக்கட்டுமே, முன்பக்கமும் தாழ்ந்தால் ஏற சௌகரியம்தானே என்றார். ஆபத்தான யோசனைகளுக்கு இப்படி ஒரு நியாயம் எப்போதும் தயாராக இருக்கும்.

மேட்டுப்பாளையம் பக்கம் லாரிப் பட்டைக்கு வளைவு அடித்துக் கொடுக்கும் ஒரு பாய் இருக்கிறார். நாங்கள் போனபோது அவர் குனிந்து பட்டையைக்கூடப் பார்க்கவில்லை. “தொட்டி நிறையத் தண்ணி ரொப்பிக்கிட்டு எடை மேடைக்குப் போங்க தம்பி. பின் சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு சீட்டு, முன் சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு சீட்டு” என்று அனுப்பிவிட்டார்.

சீட்டுகள் வந்ததும் விஷயம் விளங்கிற்று. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், அதாவது 100 கிலோ. அதை மாட்டியிருந்த இடம் பின் அச்சுக்கும் ஒரு மீட்டர் பின்னால். இரண்டு அச்சுக்கும் இடையே 3.35 மீட்டர். சிறுவர்களின் ஏற்றப் பலகைக் கணக்குத்தான்: அந்த 100 கிலோ பின் அச்சின்மேல் 130 கிலோவாக அழுத்தும், முன் அச்சிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடும். பாட்டரிகளும் அடுப்பும் அதே கோடியில். திருப்பவும் நிறுத்தவும் ரோட்டைப் பிடிக்கவேண்டிய முன் சக்கரங்கள் இலேசாகிவிட்டன. பின் வில் நிமிர்ந்து தட்டையாகி, அச்சு மேலே இருக்கும் ரப்பர் முட்டில் போய் மோதுகிறது. அதுதான் அந்த ‘டம்’.

பட்டையைச் சேர்த்தால் என்ன? அதற்கு பாய் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. “தளர்ந்த பட்டைக்கு முறுக்கு அப்படியேதான் இருக்கு, வளைவுதான் போயிடுச்சு. மேலே பட்டையைச் சேர்த்தா முறுக்கு ஏறிடும். அம்மாவோட முதுகெலும்புதான் மிச்சத்தைத் தாங்கணும்.” அப்படியானால் முன்பக்கத்தைத் தாழ்த்தினால்? “தாழ்ந்தது வேறே, தாழ்த்துறது வேறே தம்பி. பட்டை ஏறி இறங்க இடம் வேணும். அந்த இடத்தையே வெட்டிட்டா பட்டை எதுக்கு?” தவிர, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலன்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய ஊர் இது. தரையை உரசும் வண்டி இங்கே ஓடமாட்டாது; படகாகத்தான் மிதக்கவேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்திவிட்டது.

பிறகு கழற்றினார்கள். யூ போல்ட்டை விட்டு, சென்டர் போல்ட்டை எடுத்து, பட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். பாய் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சுண்ணாம்பு தடவிப் பார்த்தார். மேலிருந்து இரண்டாவது பட்டையில் போல்ட் துவாரத்தின் ஓரமாக எண்ணெய் கசிந்து, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. விரிசல்! “இது போனா பாரம் மெயின் பட்டைக்கு. அதுவும் போனா அச்சு ஒரு பக்கமா நகந்துடும். அப்புறம் ஸ்டீரிங் நம்ம பேச்சைக் கேக்காது” என்றார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அந்த வண்டியில் ஒரு வாரத்துக்கு முன்புதான் அம்மாளைக் காலாப்பட்டு வரையில் ஓட்டிக்கொண்டு போய் வந்திருந்தார்.

விரிசல் விட்டதற்குப் புதுப் பட்டை. மற்றவற்றைச் சுத்தியலால் தட்டி வளைத்தால் மட்டும் போதாது. கொஞ்ச நாளில் மறுபடி நிமிர்ந்துவிடும். உலையில் சுமார் 900 டிகிரிக்குச் சிவக்கக் காய்ச்சி, வளைவு கொடுத்து, எண்ணெயில் முக்கவேண்டும். அப்போது அது கண்ணாடி போல விறைத்து நிற்கும், அடித்தால் நொறுங்கும். மறுபடியும் 450, 500 டிகிரியில் இதமாகச் சூடு காட்டினால்தான் வளைந்து கொடுக்கும் குணம் வரும். எல்லாம் முடிய இரண்டு நாள் ஆயிற்று.

தண்ணீர்த் தொட்டியும் பாட்டரியும் இரண்டு அச்சுக்கும் நடுவே, கட்டிலுக்கு அடியில் இடம் மாறின. ஏறுவதற்குக் கதவடியில் இரண்டடுக்கு மடக்குப் படியும், பிடித்துக்கொள்ள ஒரு குழாயும் வைத்தார்கள். அம்மாள் ஒத்திகை பார்த்தார். “சின்ன வயசிலே புஷ்புஷ் வண்டியிலே ஏறின மாதிரி இருக்கு. பின்னாலே தள்ளறதுக்குத்தான் ஆளைக் காணோம்” என்றார்.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டார்கள். சிதம்பரம் தாண்டியதும் அம்மாள் தூங்கிப்போனாராம். காரைக்காலில் அந்த அக்காளையும் படியேற்றி, வண்டியைக் கடற்கரைச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினாராம் நண்பர். இரண்டு கிழவிகளும் ஒரே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பேசியவர்கள், இருட்டும் வரையில் இறங்கவில்லையாம்.