கிளைக்குழாய்

தமிழாசிரியன் ஒருவன் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். எனக்கும் அதில் சிறிது நாணம் உண்டு. முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பறையில் வேற்றுமையும் புணர்ச்சியும் நடத்திய கை, ஓய்வு பெற்ற பின்னர்த்தான் முதன்முதலாக ஒரு நட்டைத் திருகியது. திருகியது என்பதைவிட முறித்தது என்பதே பொருந்தும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் தந்தையார் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1969-ஆம் ஆண்டில், தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து ஒரு மோரிஸ் மைனர் காரை வாங்கினார். அது 1965-இல் செய்யப்பட்ட வண்டி. இன்றைய மாணவர்கள் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து, 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. ஆமையோட்டைக் கவிழ்த்தாற்போன்ற கூரையும், வியந்து விழிப்பது போன்ற இரு விளக்குகளுமாக, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேலான வண்டிகள் உலகெங்கும் ஓடப் போயின. எங்கள் தோட்டத்துக்கு வந்தது சாம்பல் நிறத்தது. பிள்ளைகள் நாங்கள் அதற்குச் ‘சாம்பலான்’ என்று பெயரிட்டிருந்தோம்.

கணக்கெழுதுவது தந்தையாருக்குத் தொழில் மட்டுமன்று, இயல்பும் அதுவே. காருக்கென நீல அட்டையிட்ட ஒரு புத்தகம் வைத்திருந்தார். நாள், ஓடிய மைல், ஊற்றிய எண்ணெய், மாற்றிய சாமான், கொடுத்த வெள்ளி யாவும் அதில் தமிழிலேயே ஏறும். பட்டறைக்காரர் ‘பிளக்கு’ என்பார். இவர் வீடு வந்து ‘பொறிமுனை’ என்று எழுதுவார். ‘ரேடியேட்டர்’ இவர் ஏட்டில் ‘நீர்ப்பெட்டி’ ஆகும். ஆசிரியர் பயிற்சியை முடித்து வந்திருந்த இறுமாப்பில் ஒருநாள், “அப்பா, இந்தச் சொற்களை எந்த அகராதியில் கண்டீர்கள்?” என்று கேட்டேன். “பெயரில்லாத பொருளை எப்படியப்பா கணக்கில் ஏற்றுவது?” என்று திருப்பிக் கேட்டார். கலைச்சொல்லாக்கம் பற்றி நான் பின்னாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அவருடைய புத்தகத்தை மட்டும் ஒருமுறையும் எடுத்துக்காட்டியதில்லை.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையார் காலமானார். அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே கார் கொட்டகையில்தான் நின்றது. கருமாதி முடிந்த கையோடு நானும் தம்பியும் கொட்டகையைத் துப்புரவு செய்தோம். காரையும் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடலாம் என்பது தம்பியின் எண்ணம். அம்மா அதுவரை ஒன்றும் பேசாதிருந்தவர், “வருடத் திவசத்துக்கு அந்த வண்டியில்தான் தோட்டத்துக் கோயிலுக்குப் போக வேண்டும்” என்றார். எண்பத்திரண்டு வயதில் அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். தம்பி என் முகத்தைப் பார்த்தான். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ, இன்றுவரை விளங்கவில்லை.

புது பேட்டரி இட்டு, பழைய பெட்ரோலை வடித்து, ஒருவாறு இயக்கியபோது, கொட்டகையே அதிரும்படி ஓர் ஓசை எழுந்தது. முன்மூடியைத் திறந்து பார்த்தால், இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த இரும்புக் குழாயில் ஒரு விரிசல்; அதன் வழியே நெருப்பும் புகையும் சீறிக்கொண்டிருந்தன. அதற்குத்தான் ‘மேனிஃபோல்டு’ என்று பெயர். கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது உள்வாங்கும் மேனிஃபோல்டு. எரிந்த புகையைத் திரட்டி வெளியேற்றுவது புகைபோக்கி மேனிஃபோல்டு. எங்கள் காரில் இரண்டையும் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டார்கள். புகையின் சூடு பெட்ரோலை ஆவியாக்க உதவும் என்பது கணக்கு. இணைபிரியாத ஒட்டுக்குடும்பம் போல, ஒன்று வெடித்தால் மற்றதையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

அந்த இயந்திரத்தின் அமைப்பே விந்தையானது. சிலிண்டர் நான்கு, உள்வாங்கும் வாயில்களோ இரண்டே. முதலிரண்டும் ஒரு வாயிலைப் பகிர்ந்துகொள்ளும், பின்னிரண்டும் அவ்வாறே. புகை போகும் வாயில்கள் மூன்று. நடுவிரண்டு சிலிண்டர்களுக்கு அங்கேயும் பொதுவாயில்தான். ஐந்து வாயில்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். 1951-இல் ஆஸ்டின் ஏ30 காருக்கென 803 சி.சி. அளவில் தொடங்கிய இந்த இயந்திரக் குடும்பம் 948, 1098, 1275 என்று பெருகி, மினி காரின் உள்ளே இருந்து 2000-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. எல்லாம் ஒரு தாய் மக்கள் என்பதால் ஒன்றின் சாமான் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்பார்கள். என்னைக் கெடுத்தது அந்த அரைகுறை உண்மையே.

ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய சாமான் கடையில் மினி காரின் அலுமினிய உள்வாங்கும் குழாய் கிடைத்தது. வாயில் இரண்டு, இடைவெளியும் சரியாக இருந்தது. வெற்றிக் களிப்புடன் வீடு வந்தேன். கார்புரேட்டரைப் பொருத்தப் போனால், எங்களுடையது ஒன்றேகால் அங்குல வாயும் இரண்டு துளைகளும் உடையது. அந்தக் குழாயோ ஒன்றரை அங்குல வாயும் நான்கு துளைகளும் உடையது. மறுபடி ஓடி, அதற்குரிய கார்புரேட்டரையும் வாங்கினேன். மினியில் இயந்திரம் குறுக்குவாட்டில் கிடக்கும்; மைனரில் நெடுக்குவாட்டில். ஆகவே மினியின் புகைக்குழாய் நமக்கு ஆகாது. நெடுக்கு இயந்திரம் கொண்ட வேறொரு காரிலிருந்து புகைக்குழாய் ஒன்றைத் தேடி வாங்கினேன். இப்படி மூன்று வண்டிகளின் உறுப்புகளை ஒன்றாகக் கூட்டி ஒரு சொற்றொடர் அமைக்கப் பார்த்தேன். இலக்கணம் அறிந்தவன் செய்யக்கூடிய காரியமா அது?

குழாய்களை இயந்திரத்தோடு இறுக்கும் ஆறு மரையாணிகளில் இரண்டுக்கு நட்டுகளைக் காணவில்லை. கைக்குக் கிடைத்த 8 மில்லிமீட்டர் நட்டுகளை எடுத்துத் திருகினேன். அந்த ஆணிகளோ பதினாறில் ஐந்து அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரைகளின் இடைவெளி வேறு. முதல் ஒரு சுற்று உவகையோடு ஏறிற்று. இரண்டாம் சுற்றில் முரண்டு பிடித்தது. நான் விடவில்லை. ‘டக்’ என்றோர் ஓசை. அரை நூற்றாண்டு தாங்கிய ஆணி, இயந்திரத்தின் தலையோடு தலையாக முறிந்துபோயிற்று. என் கையிலிருந்த ஸ்பானரை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது நினைவில்லை. எஞ்சிய ஐந்தையும் இறுக்கி, யாரிடமும் சொல்லாமல் இயக்கிப் பார்த்தேன். இயந்திரம் ஒருகால் வெறிகொண்டு உறுமும். ஒருகால் மூச்சடைத்து நிற்கும்.

இறுதியில் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறு பட்டறை நடத்தும் முதியவரை அழைத்துவந்தேன். எழுபதைக் கடந்தவர், தந்தையாரை அறிந்தவர். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து, குழாய் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். இயந்திரத்தின் குரல் உடனே மாறிற்று. “இங்கே காற்றை உறிஞ்சுகிறது, ஐயா. எண்ணெய் அடைத்தவுடன் அமைதியாகிறது பாருங்கள். சில பேர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். கீழே நெருப்பாகக் கிடக்கும் புகைக்குழாய் மேல் பெட்ரோலா?” என்றவர், ஒரு வாஷரைக் கழற்றிக் காட்டினார். உள்வாங்கும் குழாயின் விளிம்பையும் புகைக்குழாயின் விளிம்பையும் ஒரே தடித்த வாஷர்தான் சேர்த்து அமுக்க வேண்டும். இரண்டு விளிம்புகளும் ஒரே கனமாக இருந்தால்தான் அது நேராக அமரும். என்னுடைய அலுமினிய விளிம்பு மெல்லியது. இரும்பு விளிம்பு தடித்தது. வாஷர் சாய்ந்து, இரும்பைப் பிடித்துக்கொண்டு அலுமினியத்தைக் கைவிட்டிருந்தது.

“அண்ணே, இதற்கு வழியே இல்லையா?” என்றேன்.

“இருக்கிறதே. உங்கள் அப்பா ஒன்று வாங்கி வைத்திருந்தாரே, அது எங்கே? இந்த விரிசலுக்கு நான்தான் முன்னே ஒட்டு வைத்தேன். நிலைக்காது என்றேன். ‘மாற்று தேடி வைத்துவிட்டேன்’ என்று அவரே சொன்னார்.”

அவர் போன பிறகு நீலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். 1996-ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருந்தது: “கிளைக்குழாய் ஒன்று. பழையது, பழுதற்றது. 60 வெள்ளி. எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி, கொட்டகை மேல்தட்டில் வைத்துள்ளது.”

அந்தச் சாக்கு மூட்டை எனக்குத் தெரியும். கொட்டகையைத் துப்புரவு செய்த அன்று அதை இறக்கியவன் நான்தான். கயிற்றில் ஓர் அட்டைத் துண்டு கட்டியிருந்தது. அதில் ‘கிளைக்குழாய்’ என்று தந்தையாரின் முத்துப் போன்ற எழுத்து. தோட்டத்து வீட்டின் தண்ணீர்க் குழாய்த் துண்டு போலும் என்று எண்ணி, மூட்டையை அவிழ்த்தும் பார்க்காமல், பழைய இரும்பு எடுக்க வந்த லாரியில் ஏற்றினேன். எல்லா இரும்புக்குமாக 28 வெள்ளி கொடுத்தான். எழுத்தின் அழகுக்காக அந்த அட்டைத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து வைத்துக்கொண்டேன். அது அதே நீலப் புத்தகத்தில், பக்க அடையாளமாக, என் கண் முன்னாலேயே இருந்தது. பொருளை விற்றுவிட்டுச் சொல்லை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரும்புக்காரனைத் தேடிப் போனேன். உலைக்குப் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அவன்மேல் என்ன பிழை? தம்பியிடம் சொன்னேன், அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். “அண்ணே, நானுந்தானே மூட்டைக்கு ஒரு கை கொடுத்தேன்” என்றான். அன்று முதல் அவனும் தேடலில் சேர்ந்துகொண்டான். அம்மாவிடம் மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

இங்கிலாந்தில் மைனருக்கென்றே உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகள் உள்ளன. ஆனால் வார்ப்பிரும்பின் கனத்துக்கு அஞ்சல் செலவே மலைப்பைத் தந்தது. தைப்பிங்கில் ஒரு சீனத் தவுக்கேயின் கடையைத் தம்பி கண்டுபிடித்தான். இம்முறை விரிசல் விட்ட பழைய குழாயையே தூக்கிக்கொண்டு போனோம். தவுக்கே மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “சிக்கு, உங்கள் இயந்திரத்தின் தலையில் என்ன எண் வார்த்திருக்கிறது?” என்று மலாயில் கேட்டார். குறித்து வைத்திருந்தேன்: 12ஜி202. தலையசைத்தார். 12ஜி940 என்றிருந்தால் அது 1275 இயந்திரத்துத் தலை என்றும், ஒரு மணி நேரம் எண் படிக்கச் செலவிட்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சம் என்றும் சொன்னார். பிறகு, உள்ளே சென்று ஒரு மைனர் வேனிலிருந்து கழற்றிய ஒற்றை வார்ப்புக் குழாயைக் கொண்டுவந்தார். அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கோயில் மணி போல் ஒலித்தது. எங்களுடையதைத் தட்டினார், உடைந்த சட்டியின் ஓசை. விலை 380 வெள்ளி என்றார். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

முறிந்த ஆணியைப் பட்டறை முதியவர் நாள் முழுவதும் பொறுமையாகத் துளையிட்டு எடுத்தார். புதிய ஆணி, துருப்பிடித்து இறுகாத பித்தளை நட்டுகள் ஆறு, புதுக் கேஸ்கெட்டு. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும் என்று சொல்லி, கடைசி நட்டை மட்டும் என்னிடம் விட்டார். கை நடுங்கியது.

திவசத்தன்று அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். சாம்பலான் சீராகவே ஓடிற்று. பழைய சாலையில் ஏறியபோது அம்மா கேட்டார்: “பெரியவனே, சாக்கு மூட்டையில் அப்பா கட்டி வைத்திருந்தாரே, அதைத்தானே மாட்டினாய்?”

தம்பி பின்னிருக்கையில் அசைவது தெரிந்தது. “இல்லையம்மா” என்றேன். “தெரியாமல் இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன்.”

நெடுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு ரப்பராக இருந்து, இப்போது செம்பனையாகிவிட்ட காடுகள் இருபுறமும் நகர்ந்துகொண்டிருந்தன. தோட்டத்துக் கோயிலின் வளைவு கண்ணில் பட்ட பிறகுதான் திரும்பினார்.

“உன் அப்பாவாக இருந்தால், எத்தனை வெள்ளிக்குப் போட்டாய் என்றுதான் முதலில் கேட்பார்” என்றார்.

அன்றிரவு நீலப் புத்தகத்தைத் திறந்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். நாள், மைல், கிளைக்குழாய் ஒன்று மாற்றம், செலவு 380 வெள்ளி. வரவுப் பக்கத்தில், ஓராண்டு கழித்து, 28 வெள்ளியையும் ஏற்றினேன்.