புதன்கிழமை சிக்கன் மக்ரோனியும் ஒரு பஸ் தூக்கமும்

சமையல் குறிப்பு எழுதற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லீங்க. போன வருஷம் வரைக்கும் எங்க வீட்டு அடுப்படியில எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் தண்ணிப் பானை. அதனால இதைப் படிச்சிட்டு சமைச்சுப் பார்த்து வீட்ல யாராவது திட்டு வாங்கினா கம்பெனி பொறுப்பாகாது :-)

வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். எனக்கு ஆணி புடுங்கற இடமும் இங்கயே, அதனால ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவேன். தங்கமணிக்கு ராஜபாளையத்துல ஒரு மில் ஆபீஸ்ல கணக்கு வேலை. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அது மில்லு ஊராவே ஆகிப்போச்சு. சுத்துப்பட்டுல நாலு எழுத்துப் படிச்சவங்க பலருக்கும் அங்கதான் பொழப்பு. ரெண்டு ஊருக்கும் நடுவுல 12 கிலோமீட்டர் இருந்தா அதிகம். ஆனா சாயங்காலக் கூட்டத்துல நின்னுக்கிட்டே வந்தா அதுவே மதுரைக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும். அவ வீட்டுப் படி ஏறும்போது மணி ஏழேகால். மாசக் கடைசின்னா எட்டு.

அப்படி வர்றவ என்ன செய்வா தெரியுமா? தோள்ல மாட்டுன பையைக்கூடக் கழட்டாம அடுப்பைப் பத்த வைப்பா. நான்? டீயைக் குடிச்சிட்டு டிவி முன்னாடி உக்காந்திருப்பேன். எங்க அம்மாவுக்கு முட்டிவலி, அடுப்பு முன்னாடி நிக்க முடியாது. பொண்ணு எட்டாவது, பையன் அஞ்சாவது. எல்லாரும் சேர்ந்து ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடுவோம்.

ஒருநாள் சாப்பிட்டு முடிச்சு, பாத்திரம் கழுவிட்டு வந்து சொன்னா, “வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்.”

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. வீட்டுக் கடன் தவணை, பிள்ளைங்க ஃபீஸ் எல்லாம் கண்ணு முன்னாடி ஓடுச்சு. அதைவிட, அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியும். “ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா?”ன்னு கேட்டேன்.

“ஆபீஸ்ல ஒண்ணுமில்ல. ராத்திரிக்கு என்ன செய்யுறதுன்னு பஸ் ஏறுனதுல இருந்து யோசிக்கிறேன் பாருங்க, அதுதான் முடியல.”

சரி, நான் உதவி பண்றேன்னு வீரமா சொல்லிட்டேன். மறுநாள் ஆறரைக்கு போன் போட்டேன். சீரகம் எங்க இருக்கு? பருப்பு எத்தனை விசில்? உப்பு எப்பப் போடணும்? ஏழாவது போனுக்கு, “நீங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு நானே வந்து செஞ்சிருவேன்”னா. சுருக்குன்னுச்சு. அவளுக்குப் பாரமே யோசனைதான். அதை அவ தலையிலயே வச்சிட்டு நான் வெறும் கரண்டியைப் பிடிச்சா அது உதவியே இல்லன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அதனால ஒரு ஒப்பந்தம். திங்கள், புதன் ரெண்டு நாளும் என் பொறுப்பு. என்ன சமையல்னு அவ கேக்கவும் கூடாது, நான் போன் பண்ணவும் கூடாது. திங்கள் கிச்சடியில தப்பிச்சிட்டேன். புதனுக்குப் பிள்ளைங்க பாஸ்தா கேட்டுச்சுங்க, பையன் சிக்கன் கேட்டான். ரெண்டையும் ஒரே சட்டியில போட்டா கழுவுறதும் மிச்சம்னு கணக்குப் போட்டேன்.

முதல் தடவை எல்லாத்தையும் குக்கர்ல போட்டு, தண்ணியைத் தாராளமா ஊத்தி, மூணு விசில் விட்டேன். திறந்தா சிக்கன் இருக்கு, மக்ரோனியைக் காணோம்! எல்லாம் கூழாகி ஒண்ணா இருக்கு. பொண்ணு தட்டைப் பார்த்துட்டுக் கேட்டா, “அப்பா, இது பாஸ்தாவா பால்கோவாவா?” ஊருக்கு 2019-ல புவிசார் குறியீடு வாங்கிக் குடுத்த பலகாரத்துக்கு இப்படி ஒரு அவமானம். அவ்வ்வ்...

குக்கருக்குள்ள சூடு 120 டிகிரிகிட்டப் போகும். அரிசி பருப்புக்கு அது சரி. ரவையில செஞ்ச மெல்லிசு மக்ரோனி அதைத் தாங்குமா?

அடுத்த புதன் மூடி போட்ட அகலச் சட்டிக்கு மாறினேன். தண்ணி ஊத்தப் போற நேரம் கூடத்துல இருந்து அம்மா குரல். அதுவரைக்கும் மகன் அடுப்படியில நிக்கிறது பிடிக்காம உம்முன்னு இருந்தவங்க.

“ஏய்யா, அளந்து ஊத்து. கஞ்சி வடிக்கிற சோறுன்னா தண்ணி கூடப்போனாலும் பரவால்ல. வடிக்காத சோத்துக்கு அளவுதான் கணக்கு.”

மொத்த சூட்சுமமும் அவ்வளவுதாங்க. இத்தாலிக்காரங்க 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணி வச்சு வேகவச்சு வடிக்கிறது நம்ம வடிச்ச சோறு மாதிரி. நாம செய்யுறது வடிக்காதது. அந்தக் கஞ்சி உள்ளயே நின்னு மசாலாவைக் கெட்டியாக்கும், தனியா சாஸ் எதுவும் வேண்டாம்.

நாலு பேருக்கு அளவு: மக்ரோனி 250 கிராம், எலும்பில்லாத சிக்கன் 400 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 3. சிக்கனைக் கட்டைவிரல் நுனி அளவுக்கு நறுக்கிக்குங்க. பெருசா இருந்தா மக்ரோனி வெந்தும் கறி வேகாம நிக்கும். எண்ணெயில சோம்பு, பட்டை, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளின்னு வரிசையா வதக்கி, மஞ்சத்தூள், மிளகாத்தூள், மல்லித்தூள், உப்பு. அப்புறம் சிக்கனைப் போட்டு வெள்ளையா மாறுற வரைக்கும் அஞ்சு நிமிஷம் வதக்கணும்.

இப்ப மக்ரோனி. ஒரு டம்ளர் மக்ரோனிக்கு ஒன்னேகால் டம்ளர் கொதிக்கிற தண்ணி. பச்சைத் தண்ணி ஊத்தினா அது சூடாகிறதுக்குள்ள மக்ரோனி ஊறிப் போகும். மூடி போட்டு, சின்னத் தீயில 10-லிருந்து 12 நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை அடிப்பிடிக்காம கிளறணும். வேகலைன்னா கொஞ்சம் வெந்நீர் தெளிங்க. பெரிய துண்டு ஒண்ணைப் பிச்சுப் பாருங்க, உள்ள சிவப்பு இருக்கவே கூடாது. மிளகுத்தூள், கொத்தமல்லி தூவி இறக்கிட்டா முடிஞ்சுது. நறுக்குறதுல இருந்து மொத்தம் 40 நிமிஷம். கழுவ ஒரு சட்டி, ஒரு கரண்டி.

அன்னைக்கு அவ ஏழேகாலுக்கு வந்தா. பையைக் கழட்டி ஆணியில மாட்டினா. அதைப் பார்த்தப்ப எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. ஏழரைக்கெல்லாம் சாப்பாடு. அம்மா மட்டும் “புழு மாதிரி இருக்கு”ன்னு மோர்ச்சோறு சாப்பிட்டாங்க. ஆனா சிக்கன் துண்டை மட்டும் பொறுக்கித் தரச் சொல்லி ரெண்டு தடவை வாங்கிக்கிட்டாங்க, ஹிஹி.

வேலையை விடுற பேச்சு அப்புறம் வரல. நானா கேக்கவும் பயம். போன புதன் அவ வர எட்டேகால் ஆயிருச்சு. போனை எடுக்கல, வாசல்ல நின்னுட்டிருந்தேன். சிரிச்சுக்கிட்டே வந்தா. ராஜபாளையத்துல உக்கார இடம் கிடைச்சுதாம், உக்காந்ததும் தூங்கிட்டாளாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போனதே தெரியாம, கிருஷ்ணன்கோவில்ல கண்டக்டர் எழுப்பினப்பத்தான் முழிச்சாளாம். திரும்பி வேற பஸ் பிடிச்சு வந்திருக்கா.

இத்தனை வருஷத்துல அந்த பஸ்ல நான் தூங்கினதே இல்லைன்னு சொன்னா.

பி.கு: புரட்டாசியில எங்க வீட்ல கவுச்சி கிடையாது. அப்ப சிக்கனுக்குப் பதில் மீல்மேக்கரை வெந்நீர்ல ஊறவச்சுப் பிழிஞ்சு போடறேன். பையன் முகத்தைத் தூக்கி வச்சுக்குவான். மத்தபடி அதே அளவு, அதே சட்டி.