அடக்கம் குறித்துச் சில குறிப்புகள்

சொல்லக் கூசும் விஷயங்களுக்காகத் தமிழ் இலக்கணக்காரர்கள் தனி ஏற்பாடே செய்துவைத்திருக்கிறார்கள். இடக்கரடக்கல் என்று பெயர். நன்னூல் இதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. மங்கலமும் குழூஉக்குறியும் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். 'கால் கழுவி வந்தேன்' என்றால் கழுவியது காலை அல்ல என்பது சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தது இது. என்னுடைய இப்போதைய ஸ்திதிக்குத் தமிழில் இடக்கரடக்கல்கூடக் கிடையாது என்பதைப் பிற்பாடுதான் கண்டுகொண்டேன். ஒன்றை மறைத்துச் சொல்வதற்கும் முதலில் அது இருக்கிறது என்று மொழி ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷங்களாக நான் டயப்பர் அணிகிறேன். வயது முப்பத்தேழு.

காரணம் எளிமையானது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஒரு டிஸ்க் பிதுங்கி, அங்கிருந்து கீழே இறங்கும் நரம்புக் கற்றையை நசுக்கிவிட்டது. பார்ப்பதற்குக் குதிரைவால் போல இருப்பதால் அதற்கு லத்தீனில் அப்படியே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கால்கள் திரும்பி வந்தன. மூத்திரப்பை பாதிதான் திரும்பியது. சாதாரணமாக, பை நிறைய நிறையச் சுவர் தளர்ந்து இடம் கொடுக்கும். 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் சேதி போகும். 400, 500 மில்லி வரை தாங்கும். மூளைத்தண்டு உத்தரவு கொடுத்த பிறகுதான் சுவர் சுருங்கி வாய் திறக்கும். சேதி போவதும் உத்தரவு வருவதும் பிருஷ்ட எலும்பின் இரண்டு, மூன்று, நான்காம் நரம்புகள் வழியாக. எனக்கு அந்த வழியில் போக்குவரத்து சரியில்லை. பை நிறைவது எனக்குத் தெரிவதில்லை. தும்மினால், ரொக்கப் பெட்டியைத் தூக்கினால், சிரித்தால் கசிகிறது. எனவே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி நானே காலி செய்கிறேன். இதற்கு ஆஸ்பத்திரிச் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று 1972-ல் காட்டியவர் மிஷிகன் பல்கலைக்கழகத்து டாக்டர் ஜாக் லாபிடஸ். இடையில் கசிவதற்கு டயப்பர். மூளைத்தண்டின் வேலையை இப்போது கைக்கடிகாரம் பார்க்கிறது.

பொருளைப் பற்றி. ஒரு வயதுவந்தோர் டயப்பரைக் கத்தரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே நெய்யாத துணி ஒரு படலம், அடியில் பிளாஸ்டிக் ஒரு படலம், நடுவே பஞ்சு போன்ற மரக்கூழ், அதற்குள் சர்க்கரை போல வெள்ளைப் பொடி. சோடியம் பாலிஅக்ரிலேட். சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு குடிக்கும். உப்புக் கலந்தால் முப்பது, நாற்பது மடங்கோடு நின்றுவிடும். இந்த வகைப் பொடியின் மூதாதையை 1960-களில் அமெரிக்க விவசாயத் துறையினர் வறண்ட மண்ணில் ஈரம் தங்கவைப்பதற்காக மாவுச்சத்திலிருந்து செய்தார்கள். விண்வெளி ஓடத்தில் போனவர்களும் இதை அணிந்தார்கள்; நாசா அதற்கு 'மாக்ஸிமம் அப்ஸார்ப்பென்ஸி கார்மென்ட்' என்று பெயரிட்டது. இடக்கரடக்கல் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்டுக்கு அதுவும் இல்லை. பதினைந்து நிமிஷப் பயணத்துக்காக ஏவுகணையின் மேல் பல மணி நேரம் காத்திருந்து, உடைக்குள்ளேயே மூத்திரம் போன பிறகுதான் அவர் ஆகாயத்துக்குப் போனார்.

கடையில் இதற்குப் பெயர் 'பெரியவங்க டயப்பர்'. பெரியவங்க என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். கடைக்காரர் இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, "அப்பாவுக்கா சார்?" என்றார். "எனக்குத்தாங்க" என்றேன். அவர் கட்டைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினார். அடுத்த மாதத்திலிருந்து நான் படியேறும்போதே கட்டு சுற்றித் தயாராக இருக்கும். ஒரு வார்த்தை இருக்காது. நல்ல மனுஷர். எனக்குப் பதிலாக அவர் வெட்கப்பட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். ஒன்று முப்பது, நாற்பது ரூபாய் விழுகிறது. நாளைக்கு இரண்டு. சானிடரி நாப்கினுக்கு 2018 ஜூலையில் வரியை நீக்கினார்கள். அதற்குப் பெண்கள் தெருவில் இறங்கிச் சத்தம் போட வேண்டியிருந்தது. டயப்பருக்கு 12 சதவீதம் நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். எங்கள் ஜாதியிலிருந்து யாரும் சத்தம் போட்டதாகத் தெரியவில்லை. போட்டால் யாரென்று தெரிந்துவிடும்.

காசைவிடச் சங்கடமானது இதை எங்கே எறிவது என்பது. பிள்ளைப்பாக்கத்தில் ஏரி இருக்கிறது, சிப்காட் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எங்களைப் போன்றவர்களின் வாடகை வீடுகள் இருக்கின்றன. காலையில் ஊராட்சியின் தூய்மைக் காவலர் தள்ளுவண்டியோடு வருவார். ஐம்பது வயது அம்மாள். 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள், இம்மாதிரிப் பொருளோடு அதைச் சுற்றி எறிய ஓர் உறையையும் உற்பத்தியாளர் கொடுக்க வேண்டும் என்றன. நான் வாங்கிய கட்டுகளில் அந்த உறையைப் பார்த்ததில்லை. நானே காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக் கையில் கொடுக்கிறேன். முதல் நாள் அந்த அம்மாள் கேட்டார்: "வூட்ல யாருக்குப்பா முடியல?" எனக்குத்தான் என்றேன். "சின்ன வயசாச்சேப்பா" என்று கட்டை வாங்கித் தனியாக ஒரு சாக்கில் போட்டார். மூன்று வருஷங்களில் இது பற்றி என்னோடு குரலைத் தாழ்த்தாமல் பேசியவர் இவர் ஒருவர்தான்.

இலக்கியத்துக்கு வருகிறேன். காசநோய்க்கு இலக்கியத்தில் கௌரவமான இடம் உண்டு. கீட்ஸ் அதில் செத்தான். நம்முடைய புதுமைப்பித்தன் 1948-ல் அதில் செத்தார். அந்த இருமல் நம் விமர்சனத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோய்களை உருவகமாக்குவதைச் சூசன் சோன்டாக் 1978-ல் கடிந்துகொண்டபோது அவள் எடுத்துக்கொண்டவை காசமும் புற்றுநோயும். மூத்திரப்பைக்கு அந்தப் பிரச்னை எழவில்லை. அதை உருவகமாக்க யாரும் முன்வரவில்லை.

விதிவிலக்கு ரூசோ. 1752 அக்டோபரில் அவனுடைய இசை நாடகம் ஃபோன்டன்ப்ளோ அரண்மனையில் பதினைந்தாம் லூயி முன்னால் நடந்தது. மறுநாள் ராஜாவைப் பார்க்க அழைப்பு. பென்ஷன் கிடைக்கலாம் என்று பேச்சு. ரூசோ போகவில்லை, ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். குடியரசுவாதியின் சுயமரியாதை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வசதி இருந்தது, அதையும் சொல்கிறான். ஆனால் அன்றிரவு முதலில் மனசில் வந்தது, ராஜாவுக்காகக் காத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடுவே அடிக்கடி வெளியே ஓட வேண்டியிருக்குமே என்ற பயம் என்று அவனே எழுதிவைத்திருக்கிறான். தாரான் என்ற வைத்தியரின் குழாய்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டான். பிற்பாடு மோத்தியேயில் ஆர்மீனிய அங்கி போட்டுக்கொண்டு திரிந்ததை ஊரார் வேஷம் என்றார்கள். குழாய் வைத்துக்கொள்கிறவனுக்குக் கால்சராயைவிட அங்கி சௌகரியம். 1778-ல் அவன் இறந்ததும் உடலைத் திறந்து பார்த்த வைத்தியர்கள் மூத்திரப்பையில் கோளாறு எதையும் காணவில்லை. பி.ஏ. வகுப்பில் ரூசோவை ரொமாண்டிக்குகளின் ஞானத்தந்தை என்று படித்தோம். தனிமை, இயற்கை, நீண்ட நடை. நடைக்குப் போகிறவனுக்குப் புதர்கள் கிடைக்கும் என்பதை எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை. இது ரூசோவைச் சிறுமைப்படுத்தும் வாசிப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அவன்மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது. சுயமரியாதையையும் மூத்திரத்தையும் ஒரே பத்தியில் வைத்து, எது எதற்குச் சாக்கு என்று தீர்க்காமல் விட்டிருக்கிறான்.

நம் மொழியில் இந்தப் பத்தியை எழுதத் தடையாக நிற்கும் சொல் அடக்கம். திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பிணத்தைப் புதைப்பதும் அடக்கம்தான். சிறுபத்திரிகை விமர்சனத்தில், என்னுடையதையும் சேர்த்து, ஒரு கவிதைக்குக் கொடுக்கக்கூடிய உயர்ந்த பாராட்டு, குரல் அடங்கியிருக்கிறது என்பது. நாலு கட்டுரைகளிலாவது இதை எழுதியிருக்கிறேன். அடக்குகிறவன் உயர்ந்தவன், முடியாதவன் குழந்தை அல்லது கிழவன் அல்லது பைத்தியம் என்ற ஏற்பாட்டின்மேல் நம் ரசனையும் உட்கார்ந்திருக்கிறது. சித்த வைத்தியம் இந்த இடத்தில் வேறு பக்கம் நிற்கிறது. பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியல் வைத்து, தும்மல், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், மூத்திரம் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி, அடக்கினால் இன்ன இன்ன நோய் வரும் என்கிறது. கண்ணீரும் மூத்திரமும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு.

கோவணத்தையும் யோசித்துப் பார்க்கலாம். பழநியில் அது துறவின் சீருடை, அடக்கத்தின் அத்தாட்சி. ஆனால் பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் கதையில் கோவணம் வேறு காரியத்துக்கு வருகிறது. பிரமசாரி வேஷத்தில் வந்த சிவன் ஒரு கோவணத்தை அவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். வைத்த இடத்தில் அது மறைகிறது. மழையில் நனைந்து திரும்பியவர், தண்டில் இருப்பதும் ஈரம், கொடுத்ததைக் கொடு என்கிறார். அதற்கு ஈடாகத் தராசில் வைத்த துணிமணி, பொன், பொருள் எதுவும் போதவில்லை. கடைசியில் நாயனார் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறிய பிறகுதான் தராசு நேர்நிற்கிறது. நகைக்கடன் தராசின் பக்கத்தில் தினமும் உட்காருகிறவன் நான்; எடை விஷயத்தில் இப்படியொரு தகராறை வேறெங்கும் படித்ததில்லை. பக்தியின் பெருமை என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஈரத்தோடு வந்து நிற்கிறவனுக்கு உலர்ந்த துணி வேண்டும் என்பதை அந்தக் கதையில் யாரும் சிரிப்புக்குரியதாக நினைக்கவில்லை. எனக்கு அது போதும்.

என் உடம்பு அடக்கத்தை இழந்த அதே ஊரில், என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கான பெண்கள் அதை அளவுக்கு மீறிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் ஆலைகளுக்குத் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டில் நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்த பிறகு, பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிக் கழிப்பறைகளில் தண்ணீர் வராதது அப்போதுதான் உலகச் செய்தியாயிற்று. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாயில் 18,720 பேருக்கான விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் விடுதியில் இருப்பது தூங்கும் நேரம். அசெம்ப்ளி லைனில் எழுந்து போக ஒருவரைக் கேட்க வேண்டும், அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் வர வேண்டும். ஷிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம் என்று கணக்குத் தொடங்க வந்த பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீர்க்கடுப்பு அவர்களுக்கு மாதாந்திர விஷயம். அமெரிக்காவில் கோழி உரிக்கும் ஆலைகளில் வெளியே விடாததால் தொழிலாளர்களில் சிலர் டயப்பர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று 2016-ல் ஆக்ஸ்ஃபாம் அறிக்கை வெளியிட்டது. இங்கே 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ம் பிரிவு, வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதுத் தொகுப்பு வந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் என்பதை யாருடைய உடம்பு தீர்மானிக்கிறது என்பது பழைய கேள்வியாகவே இருக்கிறது.

ஒரு மாதத் தொடக்கத்தில், கிளையில் கூட்டம். அடையாள அட்டை தொங்கிய கழுத்தோடு வரிசையில் நின்ற பெண் ஒருத்தி கவுண்டரை நெருங்கி, "சார், இங்க பாத்ரூம் இருக்குங்களா?" என்றாள். வாடிக்கையாளர்களுக்குக் கிடையாது, கேஷ் பகுதிக்குப் பின்னால் எங்களுக்கு ஒன்று உண்டு, வெளியாட்களை உள்ளே விடுவது விதிக்கு விரோதம். எனக்கு அந்த முகம் தெரியும். அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், குதிரைவால் நசுங்குவதற்கு முன்னால். ரொக்கத்தைப் பூட்டிவிட்டுக் குறுக்குக் கதவைத் திறந்து, "வாம்மா" என்றேன். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர், "யாரு சார், சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதையெல்லாம் எழுதச் சொன்னவர்கள் இல்லை. கேள்விப்பட்ட ஓரிரு நண்பர்கள், இதைக் கவிதையாக்கேன், உடம்பின் அரசியல், கசிவின் படிமம் என்றார்கள். படிமம் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்படுவது நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் இடம், ஒரு குப்பைத்தொட்டி. நம் கூட்டங்கள் நடக்கும் மாடி அறைகளில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. போன மாதம் ஒரு நண்பர் நீள்கவிதை வாசித்தபோது பாதியில் எழுந்து போய், இருபது நிமிஷம் கழித்துத் திரும்பினேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவருக்கும் மற்றவர்களுக்கும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்: நான் எழுந்து போவது விமர்சனம் அல்ல. விமர்சனத்தை உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்த நீள்கவிதையைப் பற்றித் தனியாக எழுதுவேன்.