யார் வென்றது?

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. மும்பாய் வான்கடே மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டம். இந்தியாவும் இலங்கையும் மோதின. ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்தில், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காம்பிராவில் பிற்பகல் இரண்டரை மணிக்கே இடம் நிறைந்துவிட்டது. பிந்தி வந்தோர் இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்த்தனர்.

வீட்டுக்காரர் இந்தியாவின் பக்கம். அதை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிட இயலாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் தமையனைக் கப்பலேற்றிக் கூடலூருக்கு அனுப்பியது. அவரோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இலங்கைப் பிரசையானார். விளையாட்டை விளையாட்டாகவே பார்க்கவேண்டும் என்று உபதேசிப்போரிடம், உன் நாடு எது என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

உயர்தரம் படிக்கும் மகன் இலங்கையின் பக்கம். அவனுக்கு முரளிதரன் ஒருவரே போதும். தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன், 2010 யூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைச் சாய்த்தவர். மும்பாயில் அன்று அவர் ஆடியது தம் இறுதிச் சர்வதேச ஆட்டம்.

மஹேல ஜயவர்த்தன ஆட்டமிழக்காமல் 103, இலங்கை 274. மாலிங்கவின் பந்தில் சேவாக் ஓட்டமின்றியும், டெண்டுல்கர் 18 ஓட்டங்களோடும் வெளியேறியபோது மகனின் கூட்டாளிகள் கூரைத் தகரம் அதிரக் கூவினர். பின்னர் கம்பீர் 97 ஓட்டங்கள் எடுத்தார், கூச்சல் ஓய்ந்தது.

முரளி பந்துவீச வந்த பொழுதுகளில் மட்டும் காம்பிராவில் கட்சி பேதம் இருக்கவில்லை. இந்தியா வெல்லவேண்டும், ஆனால் முரளிக்கு ஒரு விக்கெட்டேனும் விழவேண்டும்: இந்தப் பொருந்தா ஆசையோடு தகப்பனார் முன்னே சாய்ந்திருந்தார். எட்டு ஓவர்கள், 39 ஓட்டங்கள். விக்கெட் விழவேயில்லை.

குலசேகரவின் பந்தை டோனி ஆறு ஓட்டங்களுக்கு அடித்ததும் இஸ்தோப்பில் நின்ற இருவர் துள்ளினர்.

"சத்தம் போடாதீங்கடா! நாளைக்கு டவுனுக்குப் போகணும்," என்று ஒரு முதியவர் அதட்டினார். சித்திரைப் புத்தாண்டுக்கென வாங்கிய பட்டாசுக் கட்டு அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. கூட்டம் அரவமின்றிக் கலைந்தது.

மூலையில் கம்பளிக்குள் கிடந்த அப்பாயி விழித்துக்கொண்டாள்.

"யாருப்பா ஜெயிச்சது?"

"நாமதான் ஆத்தா," என்றார் தகப்பனார்.

"நாம தோத்துட்டோம் அப்பாயி," என்றான் பேரன்.

கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முரளி எத்தன எடுத்தான்?"

"ஒண்ணுமில்ல."

"அடப் பாவமே," என்றவள் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள்.